எட்டுப் பாகக் கயிறு

இஞ்சாருங்கோ,

ஈரத் தும்புக் கயிற்றின் மணம் கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சாவகச்சேரியில் அகதிகள் தங்கிய ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். எங்கள் வகுப்பறையில் ஒன்பது குடும்பம், என்னோடு பத்து என்று பதிந்துகொண்டு போனார்கள். ஒற்றை ஆளைக் குடும்பம் என்று எழுதியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மயிலிட்டியில் இருந்த காலத்தில் நாங்கள் அதிகம் சண்டை பிடித்தது அளவுக்காகத்தான். நான் அரிசியைக் கிலோவில் வாங்கிச் சுண்டால் அளந்து உலையில் போடுவேன். எனக்கு இரண்டும் ஒத்துப்போயிற்று. உங்களுக்கோ மீற்றர் என்றாலே முகம் கோணும். இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை ஒரு பாகம். கடலின் ஆழமும் வலையின் நீளமும் வள்ளக் கயிறும் உங்களுக்கு அதுதான். மீன்பிடிச் சங்கத்தில் வலையின் நீளத்தை மீற்றரில் கேட்ட எழுதுவினைஞரிடம் நீங்கள் சொன்னதை ஊரே சொல்லிச் சிரித்தது: "மீற்றர் உங்கடை கம்பிலை இருக்கு. பாகம் என்ரை உடம்பிலை இருக்கு."

அந்த உடம்பில் இடது கை நேராக நிமிராது. சின்ன வயதில் முறிந்து பிழையாகப் பொருந்திய கை. கலியாணம் பேசியபோது என் வீட்டார் அதைப் பெரிய குறையாகக் கதைத்தார்கள். நான் கவனிக்கவே இல்லை என்றால் பொய். ஒரு மாதத்தில் மறந்துபோனேன் என்பது உண்மை.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு இணுவிலுக்கு வந்து, ஒரு தோட்டக்காரரின் வீட்டில் பாதியில் குடியிருந்தோம். அங்கே ஆட்கள் பரப்புக் கணக்கில் மண்ணைக் கதைப்பார்கள். உங்களுக்குக் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. கடல் இல்லாத ஊரில் நீங்கள் ஆழம் பார்க்க அந்த வீட்டுக் கிணறு ஒன்றுதான். காலையில் எழும்பியதும் போய் எட்டிப் பார்ப்பீர்கள். மீன் வந்திருக்கோ என்று நான் பகிடி பண்ணுவேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

கிணற்றுக் கயிறு நைந்துபோனதை முதலில் கண்டவரும் நீங்கள்தான். பழைய கயிற்றைக் கையால் அளந்துவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள்: "எட்டுப் பாகம் வேணும். நான் மறந்தாலும் நீ மறந்திடாதை." அடுத்த கிழமை காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் நீங்கள் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு கயிறும் அறுந்தது. நான் கடைக்குப் போய் எட்டுப் பாகம் என்று கேட்டேன். கடைக்காரர் பாகத்துக்கு ஆறடி என்று கணக்குப் பார்த்து, பதினைந்து மீற்றர் வெட்டித் தந்தார். நீங்கள் சொன்னதை மறக்காமல் கேட்டு வாங்கினேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை.

கொண்டுபோய்க் கப்பியில் போட்டால், வாளி தண்ணீரில் அமிழ்ந்த பிறகும் கயிறு என் காலடியில் குவிந்து கிடந்தது. நீங்கள் கடைசியாக என்னை நம்பி ஒப்படைத்த காரியம் ஓர் எண். அதையும் பிழையாக நினைவில் வைத்துவிட்டேன் என்று இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் உங்களோடு வள்ளத்தில் போன தம்பி பார்க்க வந்தான். கயிற்றைக் காட்டி விசயத்தைச் சொன்னேன். அவன் அதைத் தன் கையால் அளந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, நீங்கள் பிழை விடேல்லை. அண்ணையின்ரை எட்டுப் பாகம் எங்கடை ஆறே முக்கால். அவர் பத்தெண்டால் நாங்கள் எட்டரையெண்டு எடுப்பம்."

வள்ளம் முழுக்க உங்கள் கைக்குக் கழித்துக் கணக்குப் பார்த்திருக்கிறது. கரையில் இருந்த எனக்குத்தான் தெரியவில்லை.

மிஞ்சியதை வெட்டினேன். மூன்று மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டுக்கார அம்மா ஆடு கட்டக் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. நேரான கைக்கும் உங்கள் கைக்கும் இருந்த வித்தியாசம் முழுக்க அந்தத் துண்டில் கிடந்தது. உங்களிடமிருந்து எனக்கு வேறு என்ன மிஞ்சியது? போன மாதம் ஆமி வருகிறதென்று எல்லாரும் இணுவிலை விட்டு ஓடியபோது ஒரு பைதான் தூக்க முடிந்தது. இரண்டு சேலை, சுண்டு, அந்தக் கயிறு.

இன்று காலை இந்தப் பள்ளிக்கூடக் கிணற்றுக் கயிறு திரும்பவும் அறுந்தது. முடிச்சுப் போட்டுப் போட்டுக் குறுகி, வாளி தண்ணீரைத் தொடவில்லை. ஆரிடமாவது கயிறு இருக்கோ என்று வகுப்பறை வகுப்பறையாகக் கேட்டு வந்தார்கள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். மத்தியானம் வரைக்கும் இருந்தேன். உங்களுக்கு ஒளிக்க மாட்டேன், அவ்வளவு நேரமும் கொடுப்பதில்லை என்றுதான் இருந்தேன்.

பக்கத்தில் படுக்கிறவள் கைப்பிள்ளைக்காரி. வெறும் போத்தலைக் கவிழ்த்துப் பிள்ளையின் வாயில் தட்டிக்கொண்டிருந்தாள். என்னிடம் அவள் கேட்கவே இல்லை. அதற்கு மேல் என்னால் ஏலவில்லை; கயிற்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

கயிற்றை வாங்கினவர் கையை விரித்து அளந்தார்.

"ஒண்டரைப் பாகம் இருக்கும். காணும், தண்ணிக்கு எட்டும்," என்றார்.

"என்ரை மனிசன்ரை கைக்கு ஒண்டே முக்கால்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு முடிச்சுப் போட்டார். வாளி இறங்கித் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. வரிசையில் நின்று நானும் ஒரு செம்பு வாங்கிக் குடித்தேன்.

இப்போது பையில் நீங்கள் இல்லை. பின்னேரம் எல்லாரும் சோற்றுக்கு வரிசையில் நின்ற நேரம், வகுப்பறையில் தனியாக நின்று இரண்டு கையையும் விரித்தேன். இடது முழங்கையை மட்டும் கொஞ்சம் மடித்தேன். எவ்வளவு மடிக்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. அந்த மடிப்பில் அத்தனை வருடம் தலை வைத்துப் படுத்தவள் நான்.