குப்பைக்கூடை ஸ்ட்ராவில் ஒரு விசில்

என்னங்க,

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடக்கிறீர்கள். அதனால் எழுதி வைத்துவிட்டுத் தையல் கடைக்குக் கிளம்புகிறேன்.

சாப்பாட்டைக் கட்டில் பக்கத்து ஸ்டூலில் மூடி வைத்திருக்கிறேன். கால்கட்டு மாற்ற நர்ஸ் வருவார். சாவி அடுத்த வீட்டு அக்காவிடம் இருக்கிறது.

இன்று காலையில் கட்டிலடிக் குப்பைக்கூடையிலிருந்து நேற்றைய ஜூஸ் ஸ்ட்ராவைப் பொறுக்கி, நுனியைக் கூராக வெட்டி, பல்லால் கடித்துத் தட்டையாக்கி விசில் செய்திருக்கிறீர்கள். எச்சில் போர்வையெல்லாம் வடிந்திருந்தது. பார்க்கவே குமட்டியது. அது போட்ட அலறலில், கால் உடைந்த மனுஷன் மறுபடியும் விழுந்துவிட்டார் என்று குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்தேன். வழுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"சும்மாதான்டி, சத்தம் வருதான்னு பாத்தேன்!"

சீ! அதனால்தான் பிடுங்கி எறிந்தேன்.

பி.கு.: புது ஸ்ட்ராவும் கத்தரிக்கோலும் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. நிஜமாகவே ஏதாவது என்றால் ஊதுங்கள், அக்கா வருவார். அவரையும் விளையாட்டுக்கு ஓடவிட்டால், அடுத்த முறை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்.

நான் மட்டும் எத்தனை முறை ஊதினாலும் ஓடி வந்து தொலைப்பேன். அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.