ஞாயித்துக்கிழமைன்னு போட மாட்டேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன், நேரத்துக்குச் சாப்பிடறேன். உங்க கண் இப்போ தெளிவாத் தெரியுதா? அம்மாவோட முழங்கால் வலி எப்படி இருக்கு?

ஆபீஸ்ல சின்னதா ஒரு தகராறு, பயப்படாதீங்க. இங்கே கம்ப்யூட்டர்ல எதை மாத்தறதா இருந்தாலும், யார், எதுக்குன்னு முன்னாடியே என்கிட்ட பதிவு பண்ணணும். அதான் என் வேலை. திங்கட்கிழமை மேனேஜர் யார்கிட்டயும் சொல்லாம ஒரு செட்டிங்கை மாத்திட்டார். மூணு மணி நேரம் வாடிக்கையாளர் ஒருத்தர்கூட எங்க வெப்சைட்டுக்குள்ளே நுழைய முடியல. எல்லாம் சரியானதும் என் மேஜைக்கு வந்து, "ஞாயித்துக்கிழமையே பதிவானதாப் போட்டுடும்மா, உனக்கென்ன போச்சு"ன்னார்.

"நடந்ததைத்தான் சார் போடுவேன்"னு சொல்லி, அவர் கண்ணெதிர்லயே தட்டினேன்: திங்கள் காலை பத்தேகால், அனுமதி இல்லை, மாற்றியவர் மேனேஜர். மனுஷன் முகம் சுண்டிப்போச்சு. மறுநாளே என்னைத் தூக்கிப் பிரிண்டர் பக்கத்துல போட்டுட்டாங்க. மன்னிப்புக் கடிதமும் கேக்கறாங்க. தலைகீழா நின்னாலும் கிடைக்காது.

இந்த மூலைக்கு வர்றவங்க பேப்பரை எடுத்துக்கிட்டுப் போயிடறாங்க, ஒரு வார்த்தை பேசறதில்ல. அதனால நீங்க நீளமா எழுதுங்க. கட்டிலை இடம் மாத்திப் போட்டாக்கூட எனக்குத் தெரியணும்.

பஸ் வர்ற நேரம், முடிக்கறேன். உங்க கண் ஆபரேஷனைப் பத்து நாள் கழிச்சுத்தான் சொன்னீங்க. அம்மா முழங்காலுக்கு டாக்டர் தேதி குடுத்தா, அன்னைக்கே எனக்குச் சொல்லணும். மேனேஜரையே விடாதவ, உங்களை விடுவேனா?

உங்க மூத்தவ