சதைப் பக்கம் மேலே

பாய்,

இன்று அந்தத் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் கடையில் ஒரு பட அட்டை வாங்கினேன். நாம் பார்த்த அதே பழைய செருப்பு வார். கீழே அதே வாசகம்: 'மெருகேற்றத் தெரியாத காலத்துத் தோல்.' மேலே மஞ்சள் விளக்கு, கீழே பட்டுத்துணி, நடுவே இவர்களின் அறியாமை.

முதன்முதலாக நம் ஷூ கம்பெனி இருவரையும் வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அனுப்பியபோது, நம் ஷூக்களை வாங்கவிருந்த பையர்தான் இங்கே கூட்டிவந்தார். நீ தோலைத் தரம் பிரிக்கிற செலக்‌ஷன் ஆள். நான் உனக்கு இங்கிலீஷ் வாய். ராஜாக்களின் காசுகளையும் உடைந்த பானைகளையும் நீ சட்டை செய்யவே இல்லை. இந்தப் பெட்டியின் முன்னால் மட்டும் நின்றுவிட்டாய்.

"இன்னாபா இது, குப்புற வெச்சிருக்கான்? மேல தெரியறது சதைப் பக்கம். ஓரம் மடங்கியிருக்குது பாரு, அங்க முடி இருந்த புள்ளிங்க தெரியுது. ஆட்டுத்தோலு. மெருகெல்லாம் கீழ கெடக்குது. இவன் குப்புற வெச்சுட்டு, செஞ்சவனுக்குத் தெரியலன்றான், பேமானி. சொல்லு அந்தம்மாகிட்ட."

காப்பாளர் அம்மா ஆவலாக என்னைப் பார்த்தார். பையர் பக்கத்திலேயே நின்றார். ஆர்டர் இன்னும் கையெழுத்தாகவில்லை. "அற்புதம் என்கிறார்" என்றேன்.

"இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாய்.

"மாத்திடறோம்னாங்க பாய்."

அந்த அம்மாவைவிட என்னைத்தான் காறித் துப்ப வேண்டும். ஆம்பூர் டீக்கடையில் எத்தனை வருஷம் சொல்லித் திரிந்தாய், "நாம சொல்லி ஒரு மியூசியமே திருந்திச்சு" என்று! நான் விமானம் ஏறித் திரும்பும்போதெல்லாம் கேட்பாய். "திருப்பி வெச்சுட்டாங்க பாய்" என்பேன். ஒருமுறைகூட நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையே கேட்டாய். அதையே சொன்னேன்.

இன்று போனேன். அதே காப்பாளர். தலை நரைத்திருக்கிறது, மூளைக்கு வயதே ஆகவில்லை. சதைப் பக்கம், முடிப் புள்ளி, உன் பெயர் எல்லாம் சொன்னேன். "நீங்கள் ஆய்வாளரா?" என்றார். ஷூ கம்பெனி என்றேன். என் முகத்தை விட்டுவிட்டு ஷூவைப் பார்த்தார். பிறகு பார்வையாளர் நோட்டை நீட்டினார்.

பக்கம் பக்கமாகப் புகழ்ச்சி. எதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் மெச்சிய கூட்டம். நீ சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினேன், பேமானி உட்பட. அடியில் இங்கிலீஷிலும் எழுதினேன். அவர் ஒரு வரிகூடப் படிக்காமல் நோட்டை மூடிவிட்டு, "அற்புதம்" என்றார்.

அன்று உன் பெயரில் நான் கொடுத்த சொல் அது. இத்தனை வருஷம் கழித்து என்னிடமே வந்து சேர்ந்தது. மன்னிப்புக் கேட்க நீ இல்லை, பாய்.

இந்த அட்டையை உன் செலக்‌ஷன் மேசைக்கு மேலே ஒட்டப் போகிறேன். அங்கே தோல் பார்க்கிறவன் எவனும் ஒரு நொடியில் தப்பைக் கண்டுபிடித்துச் சிரிப்பான். யார் செய்த தப்பு என்று கேட்டால், என் பெயரையும் சேர்த்தே சொல்வேன்.