பன்னிரண்டு அடி ஒழுங்கை

மச்சாள்,

விடியப் படலையைத் திறந்ததும் ஈரச் சீமெந்து மணம்தான் முதலில் மூக்கில் ஏறியது. வாசலால் போகிற எங்கள் ஒழுங்கை முழுக்க நனைத்த சாக்கு விரித்துக் கிடக்கிறது. வெயிலுக்குக் கொங்கிறீற்று வெடிக்காமல் இருக்க வீட்டுக்கு வீடு முறை வைத்துத் தண்ணீர் தெளிக்கிறோம். மடத்துவெளியில் தண்ணீருக்கு இருக்கிற தட்டுப்பாட்டில் ஒருவரும் முகம் சுளிக்காமல் வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோழி மிதித்தாலும் துரத்துகிறோம். இதை உங்களுக்குச் சொல்லாமல் நான் வேறு யாருக்குச் சொல்ல? அதிகம் படிக்காதவள் எழுதுகிறேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதேங்கோ.

இந்த ரோட்டு வராது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கிராம அபிவிருத்திக் கூட்டத்தில் ரோட்டுத் திட்டத்துப் பெடியன் எழும்பி, ஒழுங்கை தொடக்கத்திலிருந்து முடிவுவரை பன்னிரண்டு அடி அகலம் இருக்க வேண்டும், ஓரிடத்தில் குறைந்தாலும் வேலை வேறு ஊருக்குப் போய்விடும் என்று சொன்னபோது, அவ்வளவு நேரமும் இரைந்துகொண்டிருந்த சனம் அப்படியே அடங்கிப்போனது. தண்ணீர் பவுசர் லொறி பெரிய ரோட்டோடு நின்றுவிட நாங்கள் தண்ணீர்க் கான் தூக்கி இடுப்பு முறிந்த ஆட்கள். வருத்தக்காரரை ஏற்ற ஓட்டோ உள்ளே வராது. எல்லோருக்கும் ரோட்டு வேண்டும். ஆனால் வேலி? எங்கள் ஆட்கள் பிள்ளைக்குச் சீதனமாக முழுக் காணியையும் சிரித்துக்கொண்டு எழுதிக் கொடுப்பார்கள். வேலிக்கு ஊன்றிய கதியாலில் ஒன்றை நாலு விரல் உள்ளே தள்ளி ஊன்றச் சொன்னால் கோட்டுக்கு வழக்காடப் போவார்கள்.

அதோடு, வேலிக்குச் சொந்தக்காரரில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. பெடியன் அதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அப்ப கனடாவையும் பிரான்சையும் சேர்த்தெல்லோ அம்மா நான் திட்டம் போடவேணும்."

"போடுவம் தம்பி. போன் இருக்குத்தானே" என்றீர்கள்.

மாதர் சங்கத் தலைவி என்றால் நெற்றியில் சந்தனம் வைத்து விளக்கேற்றுகிற வேலை என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். அடுத்த நாள் காலையிலேயே கொடிக்கயிற்றை அவிழ்த்துப் பன்னிரண்டு அடிக்கு முடிச்சுப் போட்டு, ஒரு நுனியை என் கையில் தந்தீர்கள். நீங்கள் ஒரு கரை, நான் மறு கரை. ஒழுங்கையில் நடந்துபோக, கயிறு எங்கெங்கே தொய்ந்ததோ அங்கெல்லாம் கரித்துண்டால் வேலித் தகரத்தில் கோடு கீறினீர்கள். தகரம் இல்லாத வேலியில் சீலைத் துண்டு கட்டினோம். திரும்பிப் பார்த்தபோது ஒழுங்கை முழுக்கத் துண்டு ஆடியது. கோயில் கொடியேற்றம் மாதிரி இருக்கிறது என்று நான் சொல்ல, ஏறட்டும் என்றீர்கள்.

பிறகு போன். உங்கள் குசினி வாசலில் இருந்து நீங்கள் பேசிய பேச்சுகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பாரிஸ்காரி அக்கா காணியைக் கண்டு முப்பது வருசம் இருக்கும். அவ, தன் கறுத்தக்கொழும்பான் மாமரம் கோட்டுக்கு எந்தப் பக்கம் வரும் என்று கேட்டா. நீங்கள் வீடியோவைப் போட்டு வேலி நெடுக நடந்து, மரத்தையும் காட்டி, அதில் காய்த்திருந்த காயையும் காட்டினீர்கள். காயைக் கண்டதும் அவவுக்குக் குரல் மாறிவிட்டது. லண்டன்காரர் மட்டும் விட்டுக்கொடுக்காமல் நின்றார்.

"அடுத்த முறை திருவிழாவுக்கு வருவியள்தானே? சூட்கேசைத் தலையிலை வைச்சுக்கொண்டே உள்ளுக்கு வரப்போறியள்? வீதி போட்டால் வான் வாசலிலை வந்து நிக்கும்."

அந்த ஒரு பேச்சோடு அவரும் சரி என்றார். ஒவ்வொருவர் சம்மதிக்கிறபோதும் நீங்கள் போனை வைத்துவிட்டு என் முதுகில் ஓர் அடி போடுவீர்கள். வலிக்கும். அந்த வலிக்காகவே பக்கத்தில் இருப்பேன்.

கடைசியில் ஒரே ஒரு வேலி மிச்சம் நின்றது. ஒழுங்கை திரும்புகிற முடக்கில் இருக்கிற கனடா அண்ணையின் வேலி. அவருடைய தகப்பனும் உங்களுடைய தகப்பனும் அதே முடக்குக்காகக் கோடேறி வழக்காடினவர்கள். அவர் உங்கள் குரலைக் கேட்டாலே கொதித்தார்.

"உங்கடை அப்பர் தள்ளி ஊண்டின கதியாலை முதல் உங்கடை பக்கம் எடுங்கோ. பிறகு பாப்பம்."

நீங்கள் எங்கள் பக்கத்து வேலியை அன்றைக்கே பிடுங்கி, கேட்டதற்கு மேலாகவே உள்ளே தள்ளிப் போட்டுவிட்டுப் படம் எடுத்து அனுப்பினீர்கள். அவர் படத்தைப் பார்த்தார். பதில் அனுப்பவில்லை. பெடியன் அளக்க வரும் நாளும் நெருங்கிக்கொண்டு வந்தது. முடக்கு மட்டும் சரிவந்தால் போதும், முடக்கு மட்டும், என்று வெற்றிலை இடிக்கும்போதும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அந்த நேரத்தில்தான் நெஞ்சு நோகுது என்று சுவரைப் பிடித்தீர்கள். ஓட்டோ வழக்கம்போல உள்ளே வரவில்லை. உங்களைக் கதிரையில் இருத்தி உங்கள் தம்பியான என் மனிசனும் பக்கத்து வீட்டாரும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் பின்னால் செருப்பில்லாமல் ஓடினேன். முடக்கில் கதிரைக் கால் வேலியில் கொழுவியது. அந்த நோவிலும் திரும்பி என்னைப் பார்த்து, "பாத்தீரே, இதுக்குத்தானே கேட்டனான்" என்றீர்கள். பகிடியாகத்தான் சொன்னீர்கள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள். உயிரோடு திரும்பி வரவில்லை.

செத்தவீட்டை வெளிநாட்டுச் சனம் பார்ப்பதற்காக நேரலையில் விட்டார்கள். இப்போது எல்லா வீட்டிலும் அதுதானே. பெண்கள் சுடலைக்குப் போகாமல் படலையோடு நிற்பது எங்கள் வழக்கம் என்பதால், நானும் நீங்கள் போவதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில்தான் பார்த்தேன். பாடை முடக்குக்கு வந்ததும் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடமில்லை. பறை நின்றது. தூக்கியவர்கள் ஒருக்களித்துப் பார்த்தார்கள், பின்வாங்கிப் பார்த்தார்கள். கடைசியில் உங்களைத் தலைக்கு மேலே உயர்த்தி, வேலிக்கு மேலால் கொண்டுபோனார்கள். நான் சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவு முடிந்த மறுநாள் கனடா அண்ணை துக்கம் கேட்கப் போன் எடுத்தார். வழக்கமாகக் கேட்பதெல்லாம் கேட்டார். பிறகு, நேரலையில் பார்த்தேன் என்றார்.

"தங்கச்சி, அந்த முடக்கிலை தடக்கினது என்ரை வேலியே?"

மச்சாள், துக்கம் கேட்க எடுத்த மனிசனிடம் என்ன சொல்வது? இல்லை அண்ணை, அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. நான் கூட்டங்களில் பின்வரிசையில் இருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவள். ஆனால் நான் அப்படிச் சொல்லியிருந்தால் நீங்கள் ஓடித்திரிந்ததெல்லாம் அந்த முடக்கோடு முடிந்திருக்கும்.

"ஓம் அண்ணை. உங்கடை வேலிதான். இப்ப எடுக்கட்டோ?"

அவர் அழுதார். நான் அழவில்லை. காத்துக்கொண்டிருந்தேன். எடுங்கோ என்றார்.

அடுத்த நாள் காலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கூப்பிடாமலேயே சனம் வந்து நின்றது. ஒருவர் அலவாங்கு, ஒருவர் கத்தி, ஒருத்தி ஒரு பெரிய கேத்தில் நிறையத் தேத்தண்ணீர். கனடாவில் அது சாமம். மனிசன் நித்திரை கொள்ளாமல் போனில் இருந்து, மெல்ல, அந்தப் பூவரசு அப்பா ஊண்டினது, மெல்ல என்று கத்திக்கொண்டிருந்தார். உங்கள் தம்பி கோபம் வந்து, "இஞ்சை வந்து நீரே பிடுங்கும்" என்றார். இரண்டு வீட்டு ஆம்பிளைகளும் தங்கள் காலத்தில் பேசிய முதல் பேச்சு அதுதான். பிறகு இருவரும் சிரித்தார்கள். பூவரசைக் கிளை தறித்து உள்ளே ஊன்றித் தண்ணீர் விட்டோம். பெடியன் வந்து அளந்தான். முடக்கில் அரை அடி கூடவே இருந்தது. சனம் கைதட்டிய கைதட்டில் மதிலில் இருந்த காகமெல்லாம் எழும்பிப் பறந்தது.

கொங்கிறீற்று லொறி ஒழுங்கைக்குள் பின்பக்கமாக வந்தபோது எனக்குத் திருவிழாத் தேர் வருவது போலத்தான் இருந்தது. உங்களைத் தேடிப் பக்கத்தில் திரும்பிவிட்டேன்.

இனி நடந்ததைக் கேளுங்கோ. நேற்றுப் பின்னேரம் கோயிலடி ஒழுங்கைப் பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். அவர்களுக்கும் ரோட்டுக்குக் கேட்டிருக்கிறார்களாம். சுவிஸில் இருக்கிற ஒருவர் வேலியை எடுக்க ஏலாது என்று நிற்கிறாராம். அக்கா ஒருக்கால் கதையுங்கோ என்று போனை என் கையில் தந்தார்கள். அக்கா என்றது என்னைத்தான்.

அந்த மனிசன், ஆர் கதைக்கிறது என்று அதட்டினார். நான் உங்கள் பெயரைச் சொன்னேன்.

"அவவின்ரை மச்சாள் கதைக்கிறன்."

அதட்டின குரல் தணிந்தது. பிறகு, "சொல்லும் தங்கச்சி" என்றார்.

சொல்லத் தொடங்கினேன்.