பாடிய சிப்

எங்கள் வீட்டு விஞ்ஞானிக்கு,

இலவச மென்பொருளை வைத்து நீயே கற்று வடிவமைத்த சிப் வந்த அன்று ஊரே திரண்டது. சரி, எதிர்வீட்டுக்காரர் வந்தார். நோயில் படுத்துக் கிடந்த உன் அப்பாவின் கட்டிலருகே நானே மின்சாரம் கொடுத்து, என் கைத்திறனுக்கு ஒரு ஸ்பீக்கரையும் மாட்டினேன். எஞ்சினியர் கெட்டான் போ!

அது பாடியது. அண்ணன் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "டேய், என் பொண்ணு போட்ட பாட்டுடா! இன்னொரு தடவ வைடா" என்று பொழுதுக்கும் அதையே கேட்டார். மறுநாள் நீ ஓடிவந்தபோது கட்டில்தான் இருந்தது. அதை விடு.

"சித்தப்பா, என் விளக்கு மினுங்கினத அப்பா பாத்தாரா?" என்று எழுதியிருக்கிறாய். ஒரே சிப்பில் நூறு பேருடைய வேலை இருக்கும், உன்னுடையது ஒரு விளக்கை மினுங்க வைப்பது மட்டும், சுவிட்ச் மாறினால் அடுத்தவருடையது ஓடும் என்று நீ எழுதித்தானே எனக்குத் தெரியும்? பார்க்கவில்லையம்மா. அந்தப் பாட்டு யார் பெற்ற பிள்ளை போட்டதோ. ஆனால் அவர் சிரித்தது உனக்காகத்தான்.

நேற்று நீ சொன்ன சுவிட்சைப் போட்டேன். காலிக் கட்டிலுக்கு எதிரே உன் விளக்கு மினுங்கியது.

உன் சித்தப்பா