மெஷினில் இன்னும் கொஞ்சம் கோளாறு

ஒக். 6, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. தந்தி அடிக்கும் டெலிபிரிண்டர் மேல் கிடந்த ரேடியோவையும் விரிப்பையும் எடுத்தேன். தந்தி அறையை மூடியபோது ஏலத்தில் வாங்கியது. என் மனைவி பிலோ வேலையில் இருந்த காலமெல்லாம் அடித்த மெஷின்.

பாரிசவாதம் வந்ததிலிருந்து அவளுக்குப் பேச்சில்லை, வலது கையும் இல்லை. பேனா கொடுத்தால் தள்ளிவிடுகிறாள். இடது கை நன்றாக இருக்கிறது. விசைகளைக் கண்டால் விரலாவது பேசாதா என்று ஓர் ஆசை.

சுவிட்ச் போட்டேன். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை.

ஒக். 7
மோட்டாரின் கண்டன்சர் பழுதாகியிருந்தது. டவுனெல்லாம் அலைந்து புதியது போட்டேன். சுற்றுகிறது. உள்ளே எண்ணெய் பிசினாகியிருந்தது. மண்ணெண்ணெய், பழைய பிரஷ், அரை நாள்.

அடியில் ஒரு தாள் துண்டு. ஒரு வரி, பிறகு எக்ஸ் எக்ஸாக. இதில் அழிக்க வழியில்லை. பிழை விட்டால் எக்ஸை வரிசையாக அடிப்பார்கள், முன்னால் போனதை விட்டுவிடு என்று அர்த்தம். குழம்பில் உப்புக் கூடினாலும் பிலோ "எக்ஸ், எக்ஸ்" என்றுதான் தண்ணீர் ஊற்றுவாள்.

கடுகண்ணாவையிலிருந்து மகள் ஜெசிந்தா போன். "அம்மாவ பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போனீங்களாப்பா?" மழை என்றேன்.

ஒக். 9
தொடுமுனைகளைத் தேய்த்தேன். ஆர், வை என்ற இரண்டு எழுத்தையும் மாறி மாறி அடித்துச் சோதனை. சரியாக விழுந்தது.

பிலோவுக்குக் கதிரை போட்டேன். சத்தம் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன வேணுமோ அடிம்மா."

ஒரு வரி அடித்தாள். தலையுமில்லை, வாலுமில்லை.

வேகம் பிசகியிருக்கும். பிசகினால் அடிப்பது ஒன்று, விழுவது வேறு. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் திருக வேண்டும்.

ஒக். 10
திருகினேன். அவள் அடித்தாள். அதே கூளம். மறுபடி கழற்றல், பூட்டல். பருப்பு அடிப்பிடித்தது.

பின்னேரம் ஜெசிந்தா வந்தாள். "நீங்க ஒருக்கா அடிச்சுப் பாருங்கப்பா." அவள் பெயரை அடித்தேன். பிழையில்லாமல் விழுந்தது. சூடேறினால்தான் கோளாறு வரும் என்றேன். அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கக் குசினிக்குப் போனாள்.

கோளாறு எங்கே என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்காத மாதிரி மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

ஒக். 11, சனி
மழை விட்டிருக்கிறது. பிலோ தானாகவே வந்து உட்கார்ந்தாள். "மெஷின்ல இன்னும் கொஞ்சம் கோளாறு இருக்கும்மா. சரி பண்ணிடுறேன்."

அடித்தாள். கூளம். தாளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரே விசை, வரி முடியும்வரை. எக்ஸ்.

என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக் கருவிப் பெட்டிக்குள் போட்டாள்.