இரண்டு பேருக்கு ஏழு இருக்கைக் கார்

டோர்ட்மண்ட்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் நிருபமாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழும்பி நடமாடுகிறோம், மெல்பேணில் நீயும் மருமகனும் லாராவும் நிலக்ஷனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் மெழுகுதிரி கொளுத்தினேன். வாட்ஸ்அப் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய், என் போனை அப்பாவும் எடுத்துப் பார்ப்பார், அதுதான். இரண்டு கிழமையாக எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை, அடுப்பில் கறியை வைத்துவிட்டு யன்னலுக்குப் போய் நிற்கிறேன். எங்கள் பழைய வான் அடியெல்லாம் கறள் பிடித்துப் பரிசோதனையில் தவறிவிட்டது. அப்பா புதுக் கார் லீசிங்கில் எடுக்கப் போகிறார். கையில் இருக்கிறதுக்கு ஒரு பழைய காரை வாங்கினால் சொந்தமாக இருக்குமே என்றேன். அவரோ, புதுக் கார், மூன்று வருடமும் உத்தரவாதம், மாதம் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும், முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம், விற்க அலையத் தேவையில்லை என்று கார் விற்கிறவரை விட நன்றாகக் கதைக்கிறார். அதெல்லாம் சரி, இருக்கிற இரண்டு பேருக்கு ஏழு இருக்கை எதற்கு? கேட்டால், உமக்கு விளங்காது, சும்மா இரும் என்கிறார்.

வருடத்துக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுவீர்கள், கூட ஓடினால் தனியாகக் கட்ட வேண்டும் என்று கார்க் கடையில் கேட்டார்களாம். இந்த மனிசன் வேலையையும் கடையையும் கோயிலையும் மட்டும் நினைத்துப் பத்தாயிரம் போதும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கீழ்வீட்டுக் கணேசலிங்கம் அண்ணைதான், உமக்கென்ன விசரே, ஜெர்மன்காரனுக்கு அது காணும், பாரிசில செத்தவீடு, சூரிச்சில கலியாணம், லண்டனில சாமத்தியவீடு எண்டு ஓடுற எங்களுக்கு ஒரு கோடைக்கே காணாது என்று ஏசினார். பிறகு அப்பா எல்லாப் பயணத்தையும் ஒரு கடதாசியில் எழுதியிருக்கிறார். நேற்று மேசை துடைக்கும்போது பார்த்தேன். பாரிஸ், சூரிச், கேவ்லார் மாதா திருவிழா, அதற்குக் கீழே பிராங்பேர்ட் விமான நிலையம், கூட்டி வர, திருப்பிக் கொண்டுபோய் விட. மூன்று வருடத்துக்கும் அப்படியே எழுதியிருக்கிறார். பிராங்பேர்ட்டில் வந்து இறங்க எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள் மகள்?

உன் கலியாணத்தின்போது மருமகனைப் பற்றி அவர் போனில் சொன்னது பெரிய பிழை. பக்கத்தில் நின்றும் நான் வாய் திறக்கவில்லை, அது என் பிழை. ஆறு வருடமாக நீ எங்கள் படி மிதிக்கவில்லை, பேரப்பிள்ளைகளை நான் தூக்கியதே இல்லை. மன்னிப்பு என்ற சொல் அந்த மனிசனின் வாயில் வராது, என்னிடமே முப்பத்தைந்து வருடமாக அவர் அதைச் சொன்னதில்லை. அடுத்த மாதம் இருபதாம் திகதி கையெழுத்து வைக்க டெர்மின் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். வைத்தால் மூன்று வருடத்துக்கு மாற்ற முடியாது. வெறும் பின்னிருக்கைகளோடு அவர் ஓடித் திரிவதை என்னால் பார்க்க ஏலாது. வருவாய் என்றால் சொல்லு, வரமாட்டாய் என்றாலும் சொல்லு, சின்னக் கார் போதும் என்று நானே சண்டை பிடிக்கிறேன்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், பிள்ளைகளின் காதை மூடி விடு. மாதா உங்கள் நாலு பேரையும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும்.

உன்னை நினைத்தபடி,
அம்மா டொறத்தி

கடித உறையை ஒட்டப் போகும்போது அப்பா வந்து, யாரோ வீட்டுப் பிள்ளைகளைக் கேட்பது போல, அதுகள் இப்ப எவ்வளவு உயரம் என்று கேட்டார், பிள்ளைகளை இருத்தும் கார் சீற்றுக்காம். எனக்குத் தெரியவில்லை மகள். அளந்து அனுப்பு.